வண்டியின் யாக்கையும் வேகமும்

யாத்தல் என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். அதனடியாகப் பிறந்த யாப்பு என்பது செய்யுளின் கட்டமைதியையும், யாக்கை என்பது தாதுக்களாற் கட்டப்பெற்ற உடம்பையும் குறிக்கும். யாப்புச் சிதைந்த செய்யுளின்மீது எத்துணை அணிகளை ஏற்றினும் அது நில்லாது என்பதைப் புலவர் வகுப்பு மாணவர் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வர். இச்சிறு பாடத்தை மோட்டார் வண்டிமேல் வைத்துப் பேசவேண்டிய காலம் வரும் என்று யான் எண்ணியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி அக்காலத்தைக் கொண்டுவந்துவிட்டது.

அம்மாதம் 22 ஆம் நாளே பஹல கடுகண்ணாவையில் மலைச்சரிவினின்றும் பாறையும் மண்ணும் வீழ்ந்து உயிர்களைக் கொண்டன. கொழும்பு - கண்டி வீதி மூடப்பட்டது. அடுத்த வாரத்திலே சூறாவளி வந்தது. மகாவலி கரைபுரண்டு கம்பளையை மூழ்கடித்தது. நாடெங்கணும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகுதியான உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் முன்னிற்பது கண்டி. மாண்டவரையும் மண்ணுள் மறைந்த வீடுகளையும் எண்ணும்போது வண்டிகளைப் பற்றிப் பேசுதல் சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும், அன்று நசுங்கியனவும் நீரில் மூழ்கியனவுமான வண்டிகள் திருத்தப்பெற்று, புதுவண்ணம் பூசப்பெற்று, அதே மலைவீதிகளில் மனிதரை ஏற்றிக்கொண்டு மீண்டும் ஓடுகின்றன. ஆதலின் இப்பொருளும் உயிரைப் பற்றியதேயாம்.

திருத்தகத்தில் வண்டியை விட்டவர் பலர் உள்ளத்திலும் எழும் ஒரு வினா உண்டு. “எப்படியும் எஞ்சினை வெளியே எடுத்தாயிற்று, செலவோடு செலவாக இன்னும் வலுவுள்ளதொன்றைப் பொருத்தினால் என்ன?” என்பதே அது. ஏற்றம் மிகுந்த கண்டிச் சீமையில் இவ்வினா எழுதல் இயல்பே. உடைந்து திருந்திய உடம்பிலே வலுவைக் கூட்டலாமா? கூட்டலாமெனின் எம்முறையிற் கூட்டுதல் வேண்டும்? இவ்விரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

பழைய வண்டியே கதி

புதிய வண்டி வாங்கினால் இவ்வினாவே எழாதன்றோ என்பார்க்கு முதலில் விடை கூறல் வேண்டும். 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றுக் காலத்திலே, அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் நாடு கண்ட பொருளாதார வீழ்ச்சியின்போது ரூபாவின் பெறுமதி சரிந்தது. தனியார் பாவனைக்குரிய வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரி முதலாம் நாளே வழி திறந்தது. திறந்த வழியிலும் சுங்கவரி, உற்பத்தி வரி, 18 சதவீதப் பெறுமதிசேர் வரி எனத் தடைகள் வரிசையாக நிற்கின்றன. ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தியே நாடு ஓடியது. ஆசிரியர், எழுதுவினைஞர், சிறுவணிகர் ஆகியோர்க்கு இன்றும் அதுவே கதி. எனவே, பழைய வண்டியைத் திருத்தாதே என்று எவர்க்கும் அறிவுரை கூறுதல் தகாது. நன்றாகத் திருத்து என்று கூறலாம், அவ்வளவே.

ஒரு மாணவனின் வண்டி

என்னிடம் முன்னர்ப் பயின்று, இப்பொழுது கம்பளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலே ஆசிரியராயிருக்கும் இளைஞர் ஒருவர் உளர். தந்தையார் விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் வண்டி ஒன்று அவருக்கு உண்டு. 948 கனசென்றிமீற்றர் இயந்திரம் கொண்டது. நோயாளியான தாயாரைக் கண்டிக்கு அழைத்துச்செல்வது அவ்வண்டியிலேதான். சூறாவளியன்று வீட்டருகே நின்ற அவ்வண்டியின் முன்பக்கத்தின்மேல் மரக்கொம்பும் மண்ணும் வீழ்ந்தன. திருத்தகம் ஒன்றிலே சங்கிலியிட்டு இழுத்து, தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, வண்ணமும் தீட்டிக் கொடுத்தார்கள். பார்வைக்குப் பழுது சிறிதும் தெரியவில்லை.

மாவனல்லையில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டம் ஒன்றுக்கு அவர் என்னை அவ்வண்டியில் அழைத்துச்சென்றார். ஏற்றத்தில் வண்டி திணறியபோது, “ஐயா, அடுத்த மாதம் 1275 எஞ்சின் ஒன்று போடப்போகிறேன். பிறகு பாருங்கள், இந்த ஏற்றமெல்லாம் ஒன்றுமில்லை” என்றார். யான் ஏற்றத்தைப் பற்றிக் கவலைகொள்ளவில்லை. கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும்போது, தடுப்பை மிதிக்குந்தோறும் வண்டி இடப்புறம் இழுத்தது. அவர் சுக்கானை வலப்புறம் திருப்பிப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். இடப்புறமோ பள்ளம். அன்று கூட்டத்திலே யான் பேசிய பொருள் எனக்கே நினைவில்லை.

மறுவாரம், தமிழரும் சிங்களவரும் ஒருங்கே ‘பாஸ்’ என்று அழைக்கும் முதிய கைவினைஞர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். அவர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடிப்பாகத்தின் நான்கு குறித்த இடங்களிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அது தொட்ட இடங்களில் தரையிலே சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டார். பின்பு மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தார். ஒத்திருக்கவேண்டிய இரு மூலைவிட்டங்களுக்கும் இடையே ஒன்றரைச் சென்றிமீற்றர் வேறுபாடு இருந்தது. அடுத்து, பற்றவைத்த தகட்டின் ஓரத்திலே திருப்புளியால் அழுத்தினார். தகடு அசையவில்லை, அதனருகே இருந்த பழைய இரும்பு பொத்தென்று துளைபட்டது. ஒட்டிய தகடு உரமாயிருந்தது. ஒட்டப்பெற்ற இடம் துருவாயிருந்தது.

புதிய எஞ்சினைப் பற்றி என் மாணவர் கேட்டதற்கு அவர் சொன்ன மறுமொழி இது: “முதல்ல ஒழுங்கா நிக்கட்டும் மாஸ்டர். பிறகு ஓடட்டும்.”

யாக்கை எது?

அவர் கூற்றின் காரணத்தை அறிதற்கு வண்டியின் கட்டமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பாரவண்டிகளில் ஏணிபோன்ற தனிச்சட்டகம் ஒன்று கீழேயிருக்க, மேலே உடல் வேறாகப் பொருத்தப்பெறும். இக்காலக் கார்களிலோ சட்டகமும் உடலும் ஒன்றே. தரை, பக்கவிளிம்பு, தூண், கூரை யாவும் தகடுகளை மடித்துப் பற்றவைத்த ஒரே கூடாகி வண்டியின் சுமையைத் தாங்குகின்றன. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்து, 1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனரும் இவ்வினத்தையே சார்ந்தது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டியது அதுவே.

இத்தகைய வண்டியிலே முன்சில்லுகளைத் தாங்கும் உறுப்புகள் உடலோடு நேரே பிணைக்கப்பட்டுள்ளன. உடல் கோணினால் சில்லின் நிலையும் கோணும். சில்லுக் கோணினால் தடுப்பை மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். வண்டி ஒருபக்கம் இழுத்தற்குத் தடுப்புறுப்பின் பழுதும் காரணமாகலாம். ஆதலின் அளந்தே துணிதல் வேண்டும். சில்லுகளை மாத்திரம் நேராக்கிவிட்டால் போதும் என்பாரும் உளர். கோணிய பாதத்துக்கு ஏற்பச் செருப்பை வெட்டிக்கொள்வது போன்றது அது.

அண்மைக்கால வண்டிகளில் இச்சிக்கல் பின்னும் நுண்ணியதாகும். மோதும்போது சுருங்கி அதிர்ச்சியை ஏற்பதற்கென முன்னும் பின்னும் சில பகுதிகள் வகுக்கப்பட்டிருக்கும். பயணிகளைச் சூழ்ந்த பகுதியோ மிகுவலிமை வாய்ந்த உருக்கினாலாகியது. வெப்பமூட்டிப் பதப்படுத்திய அவ்வுருக்கைத் தீயிற் காய்ச்சி நிமிர்த்தினால் அதன் பதம் கெட்டு வலிமை குன்றும். வடிவம் மீளும், வலிமை மீளாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலோ சேற்றுநீர் மூடிய அறைகளுக்குட் புகுந்து தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். அதன் மின்கம்பிகளும், மோதும் கணத்திலே காற்றுப்பையை விரிக்கும் கருவியும் நம்பத்தகாதனவாகலாம். இவற்றைத் திருத்தவே முடியாது என்பதன்று. வண்ணப் பூச்சைக் கண்டு திருந்திவிட்டன என்று துணிதல் கூடாது என்பதே கருத்து.

இறக்கத்தின் கணக்கு

இனி வலுவைக் கூட்டுதல் பற்றிப் பார்ப்போம். ஓடும் பொருளின் இயக்கச் சத்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடிய வண்டி 70 இல் ஓடினால் வேகம் ஒன்றரை மடங்கும் ஆகவில்லை; சத்தியோ ஏறக்குறைய இரட்டிக்கிறது. விபத்தில் உடல் தாங்கவேண்டியதும், நிறுத்தும்போது தடுப்பு விழுங்கவேண்டியதும் இந்த இரட்டித்த சத்தியையே.

மலைநாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆட்களோடு 1000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்று 100 மீற்றர் உயரம் இறங்கும்போது, வேகம் கூடாமலிருக்க அது இழக்கவேண்டிய சத்தி ஏறக்குறைய 980 கிலோயூல். குளிர்ந்த நீர் மூன்று லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு வெப்பம் போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரமே இதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதில் பெரும்பங்கு தடுப்புகளிலே வெப்பமாகச் சேரும். தடுப்பு மிகச் சூடேறினால் பிடி தளரும். அதன் எண்ணெய் பழையதாகி ஈரம் உறிஞ்சியிருந்தால் கொதித்து ஆவியாகி, மிதித்த மிதி வெறுமையாய் இறங்கும். ஏற்றத்திலே வண்டி திணறுவது நமக்குத் தெரிகிறது. ஆதலின் எஞ்சினை மாற்ற விரும்புகிறோம். இறக்கத்திலே தடுப்புத் தளர்வது கடைசிக் கணம்வரை தெரிவதில்லை.

பெரிய எஞ்சின் இறக்கத்திலும் தாழ்ந்த கியரிற் சற்று மிகுதியாகத் தடுத்துதவும் என்று வாதிப்பார் உளர். அது மெய்யே. ஆயினும், ஏற்றத்தில் விரைந்து பழகிய கால் இறக்கத்தில் அடங்குவது அரிது. எஞ்சினின் நிறையும் திருப்புவிசையும் கூடும்போது, அவற்றைத் தாங்கும் பிணைப்புகள் துருவேறியிருப்பின் வெடிப்புக் காண்பதும் அங்கேதான்.

செய்தவர் வகுத்த முறை

இவ்வச்சம் கிழவர் பேச்சென்று இளைஞர் தள்ளிவிடாதிருக்க, மொரிஸ் மைனரின் வரலாற்றையே சான்றாகக் காட்டலாம். 1956 இல் வந்த 948 கனசென்றிமீற்றர் இயந்திரம் 37 பரிவலு உடையது. பரிவலு என்பதைக் குதிரைவலு என்றும் வழங்குவர். 1962 இல் 1098 கனசென்றிமீற்றர் இயந்திரம் வந்தது. வலு 48 ஆயிற்று. கூடியது பதினொன்று மாத்திரமே. அந்தப் பதினொன்றுக்காக, வண்டியைச் செய்தவர்கள் முன்தடுப்புகளின் உருளையை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருக்கினார்கள். புத்தம்புதிய உடலுக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுக்கு மேற்பட்டு, ஒருமுறை நசுங்கியும் நிமிர்ந்த உடலிலே, பழைய தடுப்புகளை வைத்துக்கொண்டு 1275 கனசென்றிமீற்றர் இயந்திரத்தை ஏற்றலாமா என்பதை வாசகரே தீர்மானிப்பாராக.

வேகத்தையே விளையாட்டாகக் கொண்டாரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 முதல் அறியப்பட்டது. இத்தகைய போட்டிகளில் வண்டி ஓடுமுன் தடுப்பு, சுக்கான், உடற்கட்டு ஆகியவற்றைச் சோதித்தே விடுவது வழக்கம். அத்துணைக் காவல் உள்ள துறையிலும் 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியிலே வண்டியொன்று பாதைவிட்டு விலகி, எழுவர் உயிரிழந்தனர். வேகத்துக்கென ஒதுக்கிய இடத்திலேயே இந்நிலையெனின், பாடசாலைப் பிள்ளைகள் ஓரத்தில் நடந்துசெல்லும் பேராதனை வீதியைப் பற்றிச் சொல்லவேண்டா.

அரசு அளப்பவை

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். தனியார் கார் ஒன்றுக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். பஸ், லொறி முதலியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காருக்கு உடற்கட்டு, தடுப்பு, சுக்கான் ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதிக்கும் கட்டாயம் இல்லை. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே அம்மாற்றம் பதியப்படல் வேண்டும். புதிய எஞ்சினின் இலக்கம் பதியப்படும். அதைத் தாங்கும் உடம்பின் உரம் பதியப்படுவதில்லை.

2025 தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ செயற்றிட்டத்தின்போது பொலிசார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அங்கீகாரமின்றிப் பொருத்திய அலங்காரங்களையும் மேலுறுப்புகளையும் அகற்றுவித்தனர். பஸ் சங்கத்தார் எதிர்ப்புக் காட்டினர். அவ்வாண்டு மே 11 ஆம் நாள் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டபின், வாகனங்களின் தகுதியும் ஆசனப்பட்டியும் நாடெங்கும் பேசப்பட்டன. இவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும், புகையை அளப்பது மூச்சை அளப்பது; அலங்காரத்தை அகற்றுவது அணியைக் களைவது. யாக்கையைச் சோதிப்பார் யார்?

நம் வீதிகளில் ஓடும் கார்களுட் பலவற்றைச் செய்த யப்பானிலே, புதிய கார் மூன்றாண்டிலும் அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறையும் முழுச்சோதனைக்கு உட்படும். பிரித்தானியாவிலே 1960 இல், பத்தாண்டு கடந்த வண்டிகளுக்குத் தடுப்பு, சுக்கான், விளக்கு ஆகியவற்றின் சோதனை தொடங்கிற்று. 1967 இல் மூன்றாண்டு கடந்தவற்றுக்கும் அது கட்டாயமாயிற்று. தடுப்பும் சுக்கானும் பிணைந்த இடங்களைத் துரு அரித்திருக்கிறதா என்பதும் அங்கே இன்று பார்க்கப்படுகிறது.

செய்யத்தக்கவை

அவ்விதியை அப்படியே இங்குக் கொண்டுவரலாமே எனின், தடைகள் உள. ஆண்டுதோறும் இன்னொரு கட்டணம், இன்னொரு வரிசை, இன்னொரு கைநீட்டல் என்று மக்கள் அஞ்சுவர், அவ்வச்சம் காரணமற்றதன்று. எனவே, மூன்று வேளைகளில் மாத்திரம் உடற்கட்டுச் சோதனையைக் கட்டாயமாக்கலாம் என்பது எளியேன் கருத்து. பெருஞ்சேதம் அடைந்து திருத்தப்பெற்ற வண்டி மீண்டும் வீதிக்கு வரும்போது ஒன்று. முன்னதைவிட வலுமிக்க எஞ்சின் பொருத்தும்போது ஒன்று. திருத்திய வண்டி கைமாறும்போது ஒன்று. இனித் திருத்தப் பயனில்லை என்று காப்புறுதி நிறுவனம் இழப்பீடு கொடுத்துக் கைவிட்ட வண்டி பின்னர் வேறொருவர் கையில் ஓடுமாயின், அச்செய்தி பதிவுப் புத்தகத்தில் எழுதப்படல் வேண்டும். வாங்குபவனுக்கு வண்ணத்தைக் காட்டி வரலாற்றை மறைத்தல் அறமன்று.

கைத்திறனுக்கு இந்நாட்டிலே குறைவில்லை. 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரிலே மொரிஸ் மைனர் வண்டிகளைப் புதுக்கும் நிலையத்தாரோடு கூட்டுச்சேர்ந்து, அவ்வண்டியின் உடற்றகடுகளை இலங்கையிலே செய்து அந்நாட்டுக்கு அனுப்பும் தொழில் நடைபெற்றது. பிறந்த நாட்டுக்கே தகடு செய்தனுப்பிய கைகள் நம்முடையவை. குறைவது கைத்திறனன்று, அளவு பார்க்கும் வழக்கமும், அதனை எழுதிவைக்கும் ஒழுங்குமே. 1964 இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த பொறியியற் பீடம் நம் அருகிலேயே இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களும் உள. சுண்ணக்கட்டியும் தூக்குக்குண்டும் கொண்டு அளக்கும் முதியவரின் அறிவும், உருக்கின் பதத்தை அறிந்த பொறியியலாளரின் அறிவும் ஓரிடத்திற் கூடினால், திருத்தகந்தோறும் ஓர் அளவுத்தாள் எழுதும் பழக்கத்தைச் சில ஆண்டுகளில் உண்டாக்கலாம்.

சட்டம் வரும்வரை உரிமையாளர் தாமே கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு இது: முதலில் மூலைவிட்டங்களை அளந்து, அளவைத் தாளில் எழுதி வாங்குக. அடுத்து, துருவேறிய இரும்பை வெட்டியெறிந்து நல்லிரும்பு காணும்வரை சென்று பற்றவைப்பிக்க. மூடிய அறைகளுக்குட் காப்புமெழுகு பாய்ச்சுவிக்க. அதன்பின் சில்லு, சுக்கான், தடுப்பு ஆகியவற்றைச் சீராக்குக. இறுதியிலேதான் எஞ்சினைப் பற்றி எண்ணுக. பணம் போதாதெனின் இறுதியிலுள்ளதையே விடுக; முதலிலுள்ளதை விடற்க.

என் மாணவரின் வண்டியிலே இடப்புறத் தாங்குசட்டம் முழுவதும் மாற்றப்பெற்றது. மூலைவிட்டங்கள் ஒத்தன. எஞ்சினுக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதி 8 அங்குல முன்தடுப்புகளுக்குச் சென்றது. அவற்றின்பின் மீண்டும் ஒருமுறை அவருடன் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கினேன். தடுப்பை மிதித்தபோது வண்டி நேராகவே நின்றது. ஏற்றத்தில் முன்போலவே திணறியது. பின்னால் வந்த பஸ் பலமுறை ஒலியெழுப்பியது. அவர் ஓரங்கட்டி வழிவிட்டார். எஞ்சின் எப்பொழுது என்று வினவினேன். “அடுத்த மழைக்காலம் கழியட்டும், பாஸ் இன்னொருமுறை அளந்து பார்க்க வேண்டுமாம், ஐயா” என்றார். தாயாரை வாரந்தோறும் கண்டிக்கு அழைத்துச்செல்வது இப்பொழுதும் 948 கனசென்றிமீற்றர்தான்.